தொண்டை எப்படி இருக்கு?

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த வருஷங்களில், மயக்க மருந்து கொடுக்க சிதம்பரத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஒல்லி உடம்பு, வேக நடை. அவருடைய பழைய வெள்ளைக் காரின் பின் சீட்டில் எப்போதும் ஒரு குடை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பிரித்துப் பாதி தின்ற கடலை மிட்டாய் பாக்கெட் கிடக்கும். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியோ படித்துவிட்டு போன் போடுவார். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், உன் குரல் ஏன் கரகரப்பாக இருக்கிறது என்று விசாரிப்பார்.

மயக்க டாக்டரை எந்த நோயாளியும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பார்த்த இரண்டாவது நிமிஷம் தூங்கிவிடுகிறார்கள், விழிக்கும்போது அந்த டாக்டர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். மறுநாள் வந்து பார்க்கிற வழக்கம் எங்கள் ஊர் நர்சிங் ஹோம்களில் கிடையாது. இவர் வருவார். எங்களிடம் அன்றைக்குக் கேஸ் இல்லாவிட்டாலும், ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்பார். கட்டில் ஓரமாகக் குனிந்து ஒரே கேள்வி கேட்பார்.

"தொண்டை எப்படி இருக்கு?"

பித்தப்பை எடுத்தவர், குடலிறக்கத்துக்கு வந்தவர் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழிப்பார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர், தன் கேஸ் ஷீட்டை வேறு யாருடையதுடனோ மாற்றிவிட்டார்கள் என்று பயந்து, மனைவியை விட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய், நீங்க தூங்கும்போது தொண்டைக்குள்ள ஒரு குழாய் போட்டிருந்தோம், அதைத்தான் கேக்குறாங்க என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. அதன் பிறகு வேறு மாதிரிப் பயந்தார். குழாயா, யாரும் சொல்லவே இல்லையே என்றார்.

முழு மயக்கத்தில் இருப்பவர் தானாக மூச்சு விடமாட்டார். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி மெஷின் மூச்சுக் கொடுக்கும். குழாயின் நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலூன் சுற்றியிருக்கும். அதில் காற்று ஏற்றினால்தான் இடைவெளி அடைபடும். காற்று குறைந்தால் மூச்சு கசியும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். கூடினால் பலூன் மூச்சுக்குழாயின் சுவரை நெருக்கி அங்கே ரத்தம் ஓடாமல் செய்துவிடும். மறுநாள் தொண்டை வலி, கரகரப்பு. பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடுகிற விஷயம்தான். அந்த இரண்டு நாள் வலியைப் பற்றித்தான் அவருக்குத் தீராத யோசனை.

உள்ளே இருக்கும் பலூனைப் பார்க்க முடியாது. ஆனால் அதோடு இணைந்த சின்னப் பை ஒன்று வாய்க்கு வெளியே தொங்கும். எல்லோரும் அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, போதும் என்பார்கள். இவர் மட்டும் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார். உள்ளங்கை அளவு வட்டம், ஒரு முள், நடுவில் பச்சைக் கோடு. முள் பச்சையில் நின்றால் சரி. குழாய் போட்டவுடன் ஒரு தடவை, அப்புறம் அரைமணிக்கு ஒரு தடவை பார்த்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதுவார். மறுநாள் வார்டில் அதே வரியில் "வலி இல்லை", "கொஞ்சம்", "ஜாஸ்தி" என்று ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்.

நர்சிங் ஹோம் எங்கள் பெரிய டாக்டருடையது. அவர்தான் சர்ஜன். நல்ல கைராசிக்காரர் என்று பேர். ஒரு நாள் கேஸ் முடிந்து டீ குடிக்கும்போது இந்த டாக்டர் ஒரு புதுக் குழாயைப் பிரித்து, காற்று ஏற்றி, பெரிய டாக்டரிடம் நீட்டினார். அவர் அழுத்திப் பார்த்து, கரெக்டா இருக்கு என்றார். மீட்டரை மாட்டினால் முள் பச்சையைத் தாண்டி வெகுதூரத்தில் நின்றது. பெரிய டாக்டரின் முகம் சுருங்கியது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தானும் அழுத்தினார். தானும் தப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இத்தனை வருஷமா அழுத்துறேன், என் விரலுக்கு ஒண்ணுமே தெரியலையே என்று அவர் சொன்னபோது, ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தது முகம்.

என் அக்கா வீடு சிதம்பரத்தில். சில சனிக்கிழமைகளில் அவர் காரில் கூடப் போவேன். ஒரு முறை ஆலப்பாக்கத்துக்கிட்ட டயர் பஞ்சர். சாலையோரக் கடையில் ஒரு பெரியவர் டியூபை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அது போதாதா? கைப்பையிலிருந்து குழாயை எடுத்து, ஊதி, அவரிடம் கொடுத்து, காத்து எப்படி இருக்குன்னு கையால பாத்துச் சொல்லுங்க என்றார். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கையால பாத்தா தெரியாதும்மா. நானே கேஜ் வெச்சுத்தான் பாக்குறேன். சும்மா அழுத்துறது வந்தவங்க நம்பறதுக்கு." சிதம்பரம் போய்ச் சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆர்வம் எல்லா நேரமும் இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். வயிற்றைத் திறந்து பார்த்து, கட்டி பரவியிருக்கிறது என்று ஒன்றும் செய்யாமலே மூடிய கேஸ் ஒன்று. மறுநாள் இவர் வந்து வழக்கம்போலத் தொண்டையைக் கேட்டார். பக்கத்தில் நின்ற மனைவி, உள்ள என்னன்னே எங்களுக்கு இன்னும் ஒழுங்கா யாரும் சொல்லல, நீங்க தொண்டையைக் கேக்குறீங்களே என்றாள். இவர் நோட்டை மூடினார். மன்னிச்சுக்கங்க என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணிடம் அரைமணி நேரம் பேசினார், பெரிய டாக்டரையும் அழைத்து வந்து பேசவைத்தார். எல்லாம் முடிந்து எழுந்து நின்றவர், கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, தண்ணி முழுங்கும்போது வலிக்குதா என்று அந்த மனிதரைக் கேட்டார். வலிக்குது என்றார் அவர். அதற்கும் வாய் கொப்பளிக்க மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எனக்கே குடல்வால் ஆபரேஷன் வந்தபோது அவர்தான் மயக்கம் கொடுத்தார். மேஜையில் படுத்ததும் நான் வாய்க்குள்ளேயே கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசியைக் கையில் பிடித்தபடி, என் உதடு அசைவது நிற்கும்வரை காத்திருந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். மறுநாள் எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது போல வலி. சொன்னதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். பேசும்போதா, முழுங்கும்போதா? இடப் பக்கமா, வலப் பக்கமா? எச்சிலுக்கா, தண்ணிக்கா? என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எம்மக வலிங்கிறா, இந்தம்மாவுக்கு எவ்வளவு சந்தோசம் பாரு என்று அவர் காதில் படும்படியே சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை. அம்மாவிடம் நோட்டைக் காட்டி விளக்கினார். முள் கடைசிவரை பச்சையில்தான் இருந்தது, அப்படியும் வலிக்கிறது என்றால் பலூனைத் தவிர வேறு எதுவோ காரணமாக இருக்கிறது, குழாயின் பருமனா, போடும்போது உரசியதா, எழும்போது இருமியதா என்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அம்மா அந்த நோட்டை வாங்கி ஒரு பக்கம் முழுக்கப் பார்த்தாள். அடுத்த நாள் எனக்கு வலி விட்டுவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் அவரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற விஷயம்.

தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிற ஒரு பெண் பித்தப்பைக் கல்லுக்காக வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும், சுனாமி குடியிருப்பில் வீடு. படகு என்ஜினும் வலை இழுப்பவர்களின் கூச்சலும் இருக்கிற கரையில், எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கிற குரல் அவருக்கு. மேஜையில் படுத்தவரிடம் டாக்டர் வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தார். ஏலம் எப்படி விடுவீங்க என்று கேட்டதும், அந்த அக்கா தலைக்கு மேலே தொங்கிய தியேட்டர் விளக்கையே ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். கை கழுவிக்கொண்டிருந்த பெரிய டாக்டர்கூடக் கேட்கிறேன் என்று தலையை நீட்டினார். தியேட்டரில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு மீட்டர் இல்லை. காலையில் சிதம்பரத்தில் ஒரு கேஸ் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பையைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு மணி நேர வேலைதான், விரலால் பாத்துக்கங்க என்றார் பெரிய டாக்டர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவரும் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் உள்ளே போனால், பழைய ஆபரேஷன் ஒன்றினால் குடல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று நினைத்தது முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ நாலு மணி நேரம். இடையிடையே அவர் அந்தச் சின்னப் பையை அழுத்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முடிந்து குழாயை எடுக்கும்முன் பலூனிலிருந்து காற்றை சிரிஞ்சில் உறிஞ்சினார். நான் பக்கத்தில் நின்றேன். ஏழு மில்லி ஏற்றியிருந்தார். பதினொன்று வந்தது. மயக்கத்துக்குக் கொடுக்கிற வாயு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பலூனுக்குள்ளும் புகுந்து அதை உப்பவைக்கும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அரைமணிக்கு ஒரு தடவை மீட்டர். சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து அவர் கோடுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, முள் எழுத வேண்டிய இடத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதினார். பக்கத்தில் ஏழு, பதினொன்று.

மறுநாள் காலை அந்த அக்கா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பயந்துபோய் மறுபடி மறுபடி முயற்சி செய்தார். அவருடைய தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். பெரிய டாக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு, குழாய் போட்டா இப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல குரல் வந்துடும், இதெல்லாம் சகஜம் என்றார். தம்பி தலையாட்டிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"சகஜமா வர்றதுதான்," என்றார் மயக்க டாக்டர். "ஆனா இவுங்களுக்கு நான் அளந்து பாக்காம விட்டதால வந்திருக்கு. தொண்டையில காத்து ஜாஸ்தி ஆயிடுச்சு. அது என் தப்பு. சிதம்பரத்துல தொண்டை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

தம்பி பெரிய டாக்டரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அந்த அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரிய டாக்டர் மயக்க டாக்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டபோது, கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்க நானும் உள்ளே இருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவுங்க கேக்கவே இல்லையே டாக்டர் என்றார்.

"அவுங்களுக்குக் கேக்கத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே."

மறுநாள் தேவனாம்பட்டினத்திலிருந்து ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அதன் பிறகு எங்கள் நர்சிங் ஹோமிலிருந்து சிதம்பரத்துக்குப் போன் போகவில்லை. பாண்டியிலிருந்து வேறொருவர் வர ஆரம்பித்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். விரலால் அழுத்திப் பார்ப்பார்.

தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண் வீங்கியிருக்கிறது, ஒரு பக்கம் சரியாக அசையவில்லை, நரம்பு நெருக்குப்பட்டிருக்கலாம், திரும்பிவிடும், ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். அதுவரை பேசக் கூடாது. கரையில் அந்த அக்காவின் தம்பி மனைவி ஏலம் விட்டாள். அவள் குரல் பத்தடி தாண்டாது. வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக அடுத்த கூட்டத்துக்கு நகர ஆரம்பித்தார்கள். அந்த அக்கா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் விலையைக் காட்டிக்கொண்டிருப்பார் என்று கேள்விப்பட்டேன்.

கட்டு மாற்ற நான் அவர் வீட்டுக்குப் போவேன். டாக்டரும் என்னோடு வருவார். முதல் இரண்டு தடவை அந்த அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. டாக்டர் பாட்டுக்கு உட்கார்ந்து, முழுங்கினா வலிக்குதா, தண்ணி குடிச்சா இருமல் வருதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வராத கேள்விக்கு நோட்டில் இடம் விட்டார். மூன்றாவது தடவை, நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அக்கா தன் தொண்டையைத் தொட்டு, கையை அகட்டி, எவ்வளவு நீளம் என்று சைகையில் கேட்டார்.

டாக்டர் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தார். அதை வாயோரம் வைத்துக் கழுத்துவரை அளந்து பார்த்த அந்த அக்கா, இவ்வளவும் உள்ளே போனது தெரியாமலா தூங்கினேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். டாக்டர் சிரிஞ்சால் காற்று ஏற்ற, நுனியில் பலூன் புடைத்தது. அந்த அக்கா குனிந்து பார்த்தார். இன்னும் என்று கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம். பலூன் விறைத்துக்கொண்டு பளபளத்தது. பேசக் கூடாது என்பதையும் மறந்து, காற்றுக் குரலில் கேட்டார்.

"அன்னிக்கு இம்மாந்தானா?"

டாக்டர் சிரிஞ்சைப் பார்த்தார். "இதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

அந்த அக்கா பலூனை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கையைத் தட்டி, தம்பி மனைவியிடம் டீ என்று ஜாடை காட்டினார். மூன்று விரல். அதற்கு முந்தைய தடவைகளில் எனக்கு மட்டும்தான் டீ வந்திருந்தது.

ஏழாவது வாரம் குரல் திரும்பியது. ஒரேயடியாக இல்லை. முதலில் கரகரப்பு, அப்புறம் உடைந்து உடைந்து, ஒரு நாள் முழுசாக. காலையில் எனக்குப் போன் வந்தது, டாக்டரம்மாவ கூட்டிக்கிட்டு கரைக்கு வா சிஸ்டரு என்று. சிதம்பரத்திலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் பாதி ஏலம் முடிந்திருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டோம். தியேட்டரில் கேட்ட அதே குரல் என்றுதான் நான் சொல்வேன். டாக்டர், இல்லை, கீழ் சுருதியில் கொஞ்சம் கனத்திருக்கிறது என்றார். இன்னும் நன்றாகக் கேட்கக் காதுக்குப் பின்னால் கையை உயர்த்தினார். கூட்டத்தில் கை உயர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. அந்த அக்கா ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், டாக்டரம்மாவுக்கு என்று முடித்துவிட்டார். ஒரு கூடை கானாங்கெளுத்தி. கரையே சிரித்தது. சட்டப்படி வாங்கியே ஆக வேண்டும் என்று தம்பி கூடையைத் தூக்கிவந்து, குடையையும் செருப்பையும் ஒதுக்கி, கார் பின் சீட்டில் வைத்தார். அந்தக் கார் மீன் வாசனையோடு சிதம்பரம் போய்ச் சேர்ந்த கதையை டாக்டர் ஒரு மாதம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் ஒரு வருஷம் அவர் எங்கள் நர்சிங் ஹோம் வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட்டால்தானே வருவார்.

ஒரு நாள் பெரிய டாக்டரின் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. பெரிய ஆபரேஷன். சொந்த மனைவிக்குத் தான் கை வைக்கமாட்டேன் என்று, தன்னோடு படித்த ஒரு சர்ஜனை வரச் சொல்லியிருந்தார். மயக்கத்துக்கு யார் என்று கேட்டேன், பாண்டி டாக்டருக்கு நேரம் சொல்லவேண்டுமே என்று. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, சிதம்பரத்துக்குப் போடு, நான் பேசுறேன் என்றார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டார் என்று தெரியாது. பெரிய டாக்டர், ஆமா டாக்டர், ஆமா, வியாழக்கிழமை என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை சிதம்பரத்து டாக்டர் வந்தார். நடுவில் ஒரு வருஷம் போனது போலவே இல்லை. தள்ளுவண்டியில் படுத்திருந்த பெரிய டாக்டரின் மனைவியிடம் பேச்சுக் கொடுத்து, என்ன சமையல் பிடிக்கும், யாரோடு ஜாஸ்தி பேசுவீங்க என்று கேட்டுக் குரலைக் கவனித்துக்கொண்டார். பெரிய டாக்டர் தியேட்டர் உடை போடாமல், சாதாரணச் சட்டையில், கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

உள்ளே போகத் திரும்பிய டாக்டரை அவர் கூப்பிட்டார். என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் கேட்டது.

"டாக்டர், முன்ன பின்ன ஏதாவது ஆச்சுன்னா, எங்கிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லுவேன் சார்."

அவர் தலையாட்டினார். தன் அறைக்குப் போகவில்லை. வராந்தாவில் நோயாளிகளின் வீட்டார் உட்காருகிற நீள பெஞ்சு. பிளாஸ்கும் பையுமாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் அவரைப் பார்த்ததும் அவசரமாக எழப் பார்த்தது. வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவர்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார். நான் தள்ளுவண்டியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.